“91-ஆம் சங்கீதம் சொல்லும்போது பொய் சொல்வதுபோல் இருக்கிறது”

கேள்வி: என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நான்தான் கூடவே போய் உட்கார்ந்திருக்கிறேன். சபையில் எல்லாரும் ஜெபிக்கிறார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார், “தினமும் 91-ஆம் சங்கீதத்தை அறிக்கையிட்டுச் சொல்லு, விசுவாசம் இருந்தால் சுகம் வரும்” என்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் “வாதை உன் கூடாரத்தை அணுகாது” என்ற இடம் வந்ததும் தொண்டை அடைக்கிறது. வாதை எங்கள் வீட்டுக்குள் வந்து இரண்டு வருஷம் ஆகிறதே! சொந்தமாக ஜெபிக்கலாம் என்றால் வார்த்தை வரவில்லை, கர்த்தர்மேல் கோபம்தான் வருகிறது. இது பாவமா? குடும்ப ஜெபத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு முன்னால் நடிக்கிறேனோ என்றும் தோன்றுகிறது.
— ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி,

அந்த வரியில் உங்கள் தொண்டை அடைப்பதற்குக் காரணம் விசுவாசக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. கடவுளுக்கு முன்னால் பொய் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை. அது நல்ல அடையாளம்.

முதலில் அந்த 91-ஆம் சங்கீதத்தையே எடுத்துக்கொள்வோம். வனாந்தரத்தில் இயேசு சோதிக்கப்பட்டபோது பிசாசு வேதவசனம் சொன்னான் அல்லவா? தேவாலயத்து உப்பரிகையில் அவரை நிறுத்தி, தேவதூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்திக்கொள்வார்கள், தாழக்குதியும் என்றான். அவன் எடுத்துக் காட்டிய வசனம் இதே சங்கீதத்தின் 11, 12-ஆம் வசனங்கள். வசனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, “எழுதியிருக்கிறபடி இப்போதே செய்து காட்டும்” என்று பிதாவை நெருக்க இயேசு மறுத்துவிட்டார். “உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக” என்பதுதான் அவர் பதில். ஆகவே இந்தச் சங்கீதத்தைத் தினமும் இத்தனை தரம் சொன்னால் சுகம் வந்தே தீரும் என்று யாராவது சொன்னால், அந்த முறையை நம் ஆண்டவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அக்காமார் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் தோளில் இல்லாத ஒரு குற்றத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள்.

அதே சங்கீதத்தில் 15-ஆம் வசனமும் இருக்கிறது: “ஆபத்தில் நானே அவனோடிருந்து.” ஆபத்தே வராது என்றால் ஆபத்தில் கூட இருப்பேன் என்று சொல்வதற்கு இடமே இல்லையே. இப்போதைக்கு உங்களால் சொல்ல முடிந்தது இந்த ஒரு வரி மட்டும்தான் என்றால், அதை மட்டும் சொல்லுங்கள். மற்ற வசனங்கள் காத்திருக்கட்டும்.

அடுத்தது கோபம். சங்கீத புத்தகத்தின் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும்தான். நம் வீடுகளில் சுவரில் தொங்குகிற வசனங்களையும், புத்தாண்டு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளையும் பார்த்தால் இது தெரியாது. 23, 91, 121 என்று திரும்பத் திரும்ப அவைதான் வரும். 88-ஐ அட்டையில் போட்டு யாரும் கொடுப்பதில்லை. அதனால் நாளடைவில், சந்தோஷமாக இருப்பவர்கள்தான் ஜெபிக்கத் தகுதியுள்ளவர்கள் என்று சபையே நினைக்க ஆரம்பித்துவிடுகிறது. இது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். துக்கத்தில் இருப்பவர்களுக்கென்று வேதம் கொடுத்திருக்கிற வார்த்தைகளை நாமே அவர்களிடமிருந்து எடுத்துவிட்டோம்.

88-ஆம் சங்கீதத்தை இன்றைக்கு ஒரு தரம் வாசியுங்கள். “கர்த்தாவே, ஏன் என் ஆத்துமாவைத் தள்ளிவிடுகிறீர்? ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர்?” என்று நேராகவே கேட்கிறது. மற்றப் புலம்பல்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு துதி வரும், இதில் அதுவும் வராது. சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனதைச் சொல்லி அப்படியே முடிந்துவிடுகிறது. ஆனாலும் இதைப் பாடியவர் மூன்று முறை கர்த்தரை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்கிறார். கோபம் இருக்கிறது, பேச்சு நிற்கவில்லை. வீட்டிலும் அப்படித்தானே? சண்டை போடுகிறவர் இன்னும் உறவுக்குள்தான் இருக்கிறார். ஒன்றுமே பேசாமல் எழுந்து போகிறவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்து தவித்த யோபுவின் கதையிலும் இதுதான் நடந்தது. கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய சிநேகிதர்கள்மேல்தான் கர்த்தருக்குக் கோபம் வந்தது. “என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை” என்று அவர்களைத்தான் கடிந்துகொண்டார். முறையிட்டுக்கொண்டே இருந்த யோபுவையோ தம் தாசன் என்றார். ஆகவே உங்கள் கோபத்தை மறைக்காமல் அவரிடமே கொண்டுபோங்கள். அது பாவமல்ல, ஜெபம்.

சொந்த வார்த்தை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிலுவையில் இயேசு “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று கதறியது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. “உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்” என்பது 31-ஆம் சங்கீதத்திலிருந்து வருகிறது. மரண வேதனையில் நம் ஆண்டவரே, சிறு வயதில் கேட்டுப் பழகிய சங்கீதத்தைத்தான் எடுத்துச் சொன்னார். அப்படியிருக்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நீங்கள் சொந்தமாக வார்த்தை தேடி வருத்தப்பட வேண்டியதில்லை.

நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பேராயராக இருந்த அத்தனாசியுஸ், நோயிலிருந்து தேறிவந்த மார்செல்லினுஸ் என்பவருக்குச் சங்கீதங்களைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சங்கீதத்தைப் பாடுகிறவனுக்கு அது தன் மனதைக் காட்டும் கண்ணாடியாகிறது என்பது அதில் அவர் சொன்ன கருத்து. இன்ன நிலைமைக்கு இன்ன சங்கீதம் என்று ஒவ்வொன்றாகவும் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அந்த வழக்கத்தில் நானும் உங்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன்.

டயாலிசிஸ் நாட்களில், அந்த நாலு மணி நேரத்துக்கு 13-ஆம் சங்கீதம் போதும். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களுக்குள் “எதுவரைக்கும்” என்று நாலு முறை கேட்கிறது. உதடு அசைகிற அளவுக்காவது வாய்விட்டுச் சொல்லுங்கள், மனதுக்குள் வாசித்தால் எண்ணம் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கு ஓடிவிடும். கடைசி இரண்டு வசனங்கள் நம்பிக்கையும் பாட்டும். அதைச் சொல்ல மனம் வராத நாளில் நாலாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு வாரம் முழுக்க அதே சங்கீதம் இருக்கட்டும், தினம் ஒன்றாக மாற்ற வேண்டாம். கணவர் தூங்காமல் இருந்தால் 41-ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்தை அவர் பெயரைச் சேர்த்து வாசியுங்கள்: “படுக்கையின்மேல் வியாதியாய்க் கிடக்கிற அவனைக் கர்த்தர் தாங்குவார்.” அவருக்கும் உங்களைப்போலவே கோபம் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ராத்திரி படுக்கும்போது நாலாம் சங்கீதத்தின் கடைசி வசனம். அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். யாராவது வந்து “சுகம் கிடைத்துவிட்டது, இனி டயாலிசிஸ் வேண்டாம்” என்று தீர்க்கதரிசனம் சொன்னாலும் ஒரு நாளைக்கூட விடாதீர்கள். எதையும் மாற்ற வேண்டுமென்றால் டாக்டர் சொல்லட்டும். உங்களுக்கே பசியும் தூக்கமும் போய்விட்டிருந்தால், உங்களுக்காகவும் டாக்டரைப் பாருங்கள். சபை ஐயரிடம் (போதகரிடம்) போய், ஜெபத்தோடுகூட வாரத்தில் ஒரு நாள் உங்களுக்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். 91-ஐச் சொல்லச் சொன்ன அக்காமாரில் ஒருவரே வரலாம். நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவர்கள் ஜெபமும் மாறும்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும். நீங்கள் நடிப்பதும் தெரிந்திருக்கும். நாளைக்குக் குடும்ப ஜெபத்தில் நீங்கள் ஜெபிக்க வேண்டாம். பைபிளை அவள் கையில் கொடுத்து 13-ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும், “அப்பாவுக்காக அம்மாவும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்லுங்கள். அவளும் ஏதாவது கேட்பாள். பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லிவிட்டு, மூன்றுபேரும் பரமண்டல ஜெபம் சொல்லி முடித்துக்கொள்ளுங்கள்.