சிமுலேஷன் மென்பொருளைத் திறக்கும் முன் கருத்துரு மாதிரி எதற்கு?

விநியோகச் சங்கிலி ஒன்றைக் கணினியில் சிமுலேஷன் செய்வதற்கு முன் கருத்துரு மாதிரியை (எதை, எப்படி மாதிரியாக்கப் போகிறோம் என்ற எழுத்து விவரிப்பை) தனியாக எழுதத்தான் வேண்டுமா, நேரே மென்பொருளில் கட்டினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் எழுத வேண்டும் என்பேன். நாம் முடிவெடுக்காமல் விட்டவற்றை மென்பொருளின் இயல்பமைப்பு (default) நம்மைக் கேளாமலேயே முடிவு செய்துவிடும்.

நான் தொடக்கத்தில் கட்டிய ஒரு கிடங்கு மாதிரியில், இருப்பு 100க்குக் கீழே இறங்கினால் 200 அலகுகளுக்கு ஆர்டர் போட வேண்டும் என்பது விதி. சரக்கு வந்துசேர 5 நாள் ஆகும். இருப்பு 90 ஆனதும் ஓர் ஆர்டர் போனது. மறுநாள் இருப்பு 70. சரக்கு இன்னும் வழியில் இருந்ததால் மீண்டும் ஓர் ஆர்டர். இப்படியே முதல் சரக்கு வந்திறங்குவதற்குள் 5 ஆர்டர்கள், மொத்தம் 1000 அலகுகளுக்குப் போய்விட்டன. நிரலில் பிழை ஏதுமில்லை. கையிருப்போடு வரவேண்டிய சரக்கைக் கூட்டி, வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய பாக்கியைக் கழித்து வருவதுதான் அந்த விதி குறிக்கும் இருப்பு என்பதை நான் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. சரக்கு இல்லாதபோது வாடிக்கையாளர் காத்திருப்பாரா, வேறிடம் போய்விடுவாரா என்பதும் இப்படித்தான்: நிரலில் அது ஒரே வரி, முடிவுகளிலோ இழந்த விற்பனை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

சிமுலேஷன் ஆய்வாளர் ஸ்டூவர்ட் ராபின்சன் கருத்துரு மாதிரியை எந்த மென்பொருளையும் சாராத ஒரு விவரிப்பு என்று வரையறுத்து, நோக்கம், உள்ளீடுகள், வெளியீடுகள், உள்ளடக்கம், அனுமானங்கள், எளிமையாக்கங்கள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும் என்கிறார். இவற்றுள் கடைசி இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தெரியாததை நிரப்ப வைத்துக்கொள்வது அனுமானம். தெரிந்தே விட்டுவிடுவது எளிமையாக்கம்.

எதை விடலாம் என்பதை நோக்கம்தான் தீர்மானிக்கும். கடைசி வாடிக்கையாளரின் தேவையில் ஏற்படும் சிறு அசைவு சங்கிலியின் மேற்கண்ணிகளில் (மொத்த வியாபாரி, தொழிற்சாலை என) பெரிதாகிக்கொண்டே போவது, தாமதங்களாலும் ஆர்டர் போடும் விதிகளாலும் விளைவது என்று ஆய்வாளர் ஜே ஃபாரஸ்டர் 1961இலேயே காட்டினார். லீ, பத்மநாபன், வாங் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் இந்தப் பெருக்கத்துக்கு 1997இல் எடுத்துரைத்த காரணங்களில், ஆர்டர்களைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்புவதும் ஒன்று. இந்தப் பெருக்கத்தை ஆராயப் புறப்பட்டவர் மாதிரியின் கால அலகை மாதம் என்று வைத்துக்கொண்டால், வாரம் ஒருமுறை மொத்தமாகப் போகும் ஆர்டர்களின் ஏற்ற இறக்கம் சராசரியில் கரைந்துவிடும்; தேடிவந்த பொருளே மாதிரியில் இருக்காது. ஆண்டு முழுவதற்குமான போக்குவரத்துச் செலவை மட்டும் மதிப்பிடுபவருக்கு மாத அலகே பெரும்பாலும் போதும்.

ஆகவே, எழுதும் ஒவ்வொரு எளிமையாக்கத்துக்கும் பக்கத்தில், அது எந்த வெளியீட்டைப் பாதிக்கக்கூடும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கிடங்கை அன்றாடம் நடத்துபவரிடம் காட்டுங்கள். நிரலை அவரால் படிக்க இயலாமல் போகலாம், ஆனால் "வரவேண்டிய சரக்கை நாங்கள் கணக்கில் எடுப்போமே" என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.