ஷஃபிள்பாட்டம் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் இங்கிலாந்தின் வடமேற்கே போல்டனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் வார்டில் போர்ட்டராக இருக்கும் ஒருவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அவருடைய குடும்பப் பெயர் ஷஃபிள்பாட்டம். சட்டையில் மாட்டியிருக்கும் பெயர் அட்டையைப் பார்த்ததுமே நோயாளிகளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவரும் கூடவே சிரித்துக்கொண்டு கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் டீ குடிக்கும்போது, தன் மகள் வேலைக்குச் சேரும் முன்பு இந்தப் பெயரையே மாற்றிக்கொண்டுவிட்டாள் என்று சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

ஷஃபிள் என்றால் காலைத் தேய்த்து நடப்பது, பாட்டம் என்றால் பின்புறம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் அதுதான் அர்த்தமா? இங்கே நான் இந்தப் பெயரில் வேறு யாரையும் பார்த்ததில்லை. ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? இணையத்தில் ஒரு கடையில் இந்தக் குடும்பத்தின் கேடயச் சின்னம் என்று ஒன்றை ஃபிரேம் போட்டு விற்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து அதை வாங்கிக் கொடுக்கலாமா?

எம்., போல்டன்

அன்புள்ள எம்.,

அந்த ஃபிரேமை வாங்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் பெயருக்கு வருவோம்.

ஷஃபிள்பாட்டம் என்பது ஓர் இடத்தின் பெயர். அந்த இடம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரி நகரத்துக்கு வடக்கே, ராம்ஸ்பாட்டம் போகும் வழியில் வால்மர்ஸ்லி வட்டாரத்தில் ஷிப்பர்பாட்டம் என்று ஒரு சின்ன இடம். பெயர் ஆய்வாளர்கள் உங்கள் நண்பரின் பெயரை அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் அந்த இடம் கிட்டத்தட்ட ‘ஷிப்பெவாலெபொத்தெம்’ என்று படிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. இதில் மூன்று துண்டுகள் இருக்கின்றன.

‘ஷிப்’ என்பது ஆடு. கப்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செம்மறி ஆட்டைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் வட்டாரப் பேச்சில் இப்படி ஒலித்தது. ஷிப்லி, ஸ்கிப்டன் என்ற யார்க்‌ஷயர் ஊர்ப் பெயர்களிலும் அதே ஆடுதான் இருக்கிறது. ‘வால்’ என்பது ஊற்று அல்லது ஓடை. ‘பொத்தெம்’ என்பது பள்ளத்தாக்கின் அடித்தளம், இரண்டு மேடுகளுக்கு நடுவே இருக்கும் தாழ்ந்த நிலம். மூன்றையும் சேர்த்தால் ஆட்டு ஓடைப் பள்ளத்தாக்கு, அதாவது ஆடு கழுவும் ஓடை ஓடுகிற பள்ளத்தாக்கு.

ஆடு கழுவுவது என்பது சின்ன வேலை இல்லை. கம்பளி கத்தரிப்பதற்குச் சில நாட்கள் முன்னால் ஓடையைக் கல்லும் புல்கட்டியும் வைத்து மறிப்பார்கள். இடுப்பளவுக்குத் தண்ணீர் தேங்கும். ஆட்கள் அதில் இறங்கி வரிசையாக நிற்பார்கள். கரையில் இருப்பவர்கள் ஆடுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவார்கள். தண்ணீரில் நிற்பவர் ஆட்டைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு கம்பளியைக் கையால் கசக்கி, சேறு, சாணம், முள் எல்லாம் போகக் கழுவி, அடுத்த ஆளிடம் நகர்த்துவார். மறுகரையில் ஏறும் ஆட்டை உடனே கத்தரிக்க மாட்டார்கள். ஒரு வாரம் பத்து நாள் சுத்தமான புல்லில் விட்டுவைப்பார்கள். தோலில் சுரக்கும் நெய்ப்பசை மறுபடி கம்பளியில் ஏற வேண்டும், அப்போதுதான் கத்தரி தடையில்லாமல் ஓடும். கழுவிய கம்பளிக்கு விலையும் கூடுதல். கம்பளியை நம்பிப் பிழைத்த ஒரு வட்டாரத்தில் இந்த வேலைக்கு வாகான ஓர் ஓடை இருந்தால், அந்தப் பள்ளத்துக்கு அதன் பெயரே நின்றுவிடுவதில் ஆச்சரியம் என்ன?

சரி, பின்புறம்? ஆங்கிலத்தில் ‘பாட்டம்’ என்ற சொல்லுக்கு அந்த அர்த்தம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் எழுத்தில் வருகிறது. உங்கள் நண்பரின் பெயர் அதைவிட ஐந்நூறு ஆண்டுகள் மூத்தது. நோயாளிகளிடம் இந்த ஒன்றைச் சொன்னாலே போதும்.

இந்தப் பெயர் தனியாகவும் இல்லை. லங்காஷயர், செஷயர், யார்க்‌ஷயர் மேட்டு நிலங்களில் பள்ளத்தாக்குகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றிலிருந்து பிறந்த பெயர்களுக்கும் பஞ்சமில்லை. லாங்பாட்டம் நீளமான பள்ளத்தாக்கு. ரோபாட்டம் கரடுமுரடானது. விண்டர்பாட்டம் குளிர்காலத்தில் ஆடுமாடு அடைக்க உதவியது. ராம்ஸ்பாட்டம் காட்டுப் பூண்டு விளைந்தது என்றும் ஆட்டுக்கிடா மேய்ந்தது என்றும் இரண்டு கருத்து உண்டு. ஹிக்கின்பாட்டம் குடும்பத்தை உங்கள் போல்டனிலேயே இருக்கும் ஓக்கன்பாட்டத்தோடு இணைக்கிறார்கள். இங்கிலாந்து கால்பந்து அணியின் முதல் மேலாளர் ஓல்டமில் பிறந்த வால்டர் விண்டர்பாட்டம். 1946 முதல் 1962 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ரயன் சைட்பாட்டத்தைத் தெரிந்திருக்கும், சுருட்டை முடியோடு இடது கையால் பந்து வீசியவர். அவருடைய அப்பா ஆர்னியும் இங்கிலாந்துக்கு ஆடியவர்தான். அவர்களுடையது அகன்ற பள்ளத்தாக்கு. அவ்வளவு ஏன், இயன் போத்தம் பெயரிலும் இருப்பது அதே ‘பொத்தெம்’தான். எழுத்து கொஞ்சம் மாறிவிட்டதால் அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவர் பிறந்த ஊரான ஹெஸ்வாலின் கடைசித் துண்டுகூட உங்கள் நண்பரின் பெயருக்குள் இருக்கும் அதே ‘வால்’, அதாவது ஊற்று. ஒரு குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் இப்படி ஒன்றிலிருந்து ஒன்று வந்துகொண்டே இருக்கும். எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை.

ஷிப்பர் எப்படி ஷஃபிள் ஆனது என்று கேட்பீர்கள். பள்ளத்தாக்கிலேயே இருந்தவரை அந்தப் பெயரைச் சொன்னால் கேட்பவருக்கு இடம் தெரியும். குடும்பம் பிழைப்புத் தேடி இருபது மைல் தள்ளிப் போனதும், திருச்சபைப் பதிவேட்டில் எழுதுகிறவருக்கு அந்த இடம் தெரியாது. சொல்கிறவருக்கும் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது. காதில் விழுந்ததைத் தனக்குத் தெரிந்த ஒரு சொல்லோடு பொருத்தி எழுதிவிடுவார். 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவின்பேரில் ஒவ்வொரு திருச்சபையும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்யத் தொடங்கியது. அந்தப் பதிவேடுகளைப் புரட்டினால் ஒரே குடும்பம் தலைமுறைக்கு ஓர் எழுத்தில் நிற்பது சர்வ சாதாரணம். ஷிப்பர்பாட்டம், ஷிப்போபாட்டம், ஷஃபிள்பாட்டம், ஷஃபிள்போத்தம் எல்லாமே ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

இனி அரிது என்ற விஷயம். ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார். அதனால் அந்தப் பெயர் ஆயிரம் இடங்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பிறந்தது. ஷிப்பர்பாட்டம் ஒன்றுதான். அங்கே இருந்ததும் ஒரு சில வீடுகளாகத்தான் இருக்கும். ஆகவே இந்தப் பெயர் ஒரே ஒருவரிடமிருந்தோ, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடமிருந்தோதான் தொடங்கியிருக்க முடியும். அங்கே பெயர் அப்பா வழியில் மகனுக்குப் போவது. மகன் இல்லாவிட்டால் அந்தக் கிளை அதோடு முடிந்தது. 1348இல் பிளேக் வந்தபோது இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்காவது செத்துப்போனார்கள். வடக்கே குடும்பப் பெயர்கள் அப்போதுதான் நிலைபெறத் தொடங்கியிருந்தன. எத்தனை பெயர்கள் ஒரு தலைமுறைகூடத் தாண்டாமல் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1873இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு பத்திரிகையில் புதிர் போட்டார்: ஒவ்வொரு ஆணுக்கும் இத்தனை மகன்கள் இருக்க இன்ன வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், காலப்போக்கில் எத்தனை குடும்பப் பெயர்கள் அழியும்? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை கண்டார். எல்லாப் பெயர்களும் கடைசியில் அழிந்தே தீரும் என்று அவர் முடித்தது தவறு. ஆனால் அவர் காட்டிய வழி சரியானது, இன்றைக்கும் உயிரியலிலும் அணு இயற்பியலிலும் அது பயன்படுகிறது. அதன்படி ஒரு பெயருக்கு ஆபத்தெல்லாம் முதல் சில தலைமுறைகளில்தான். அந்தச் சமயத்தில் ஒரு வீட்டில் நான்கைந்து மகன்கள் பிழைத்துத் தங்களுக்கும் பிள்ளை பெற்றுவிட்டால் பெயர் தப்பித்துவிடும். குலப்பெருமை, செல்வாக்கு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. அரிய பெயர் என்றால் பிரபு வம்சம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள், அதற்கு ஆதாரம் கிடையாது.

ஒரு பெயர், ஒரு மூதாதை என்பதை மரபணுவை வைத்தும் சோதித்திருக்கிறார்கள். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோமை, அதாவது குடும்பப் பெயரைப் போலவே அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் மரபணுத் தொகுதியை, ஒப்பிட்டு 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்மித்களிடம் தனியான ஒற்றுமை எதுவும் தெரியவில்லை. பெயர் அரிதாக ஆக ஆக ஒற்றுமை கூடியது. நாட்டிங்கம்ஷயரில் ஒரே ஒரு கிராமத்திலிருந்து வந்த பெயர் அட்டன்பரோ. திரைப்பட இயக்குநர் ரிச்சர்ட், இயற்கைப் படங்கள் எடுத்த டேவிட் சகோதரர்களின் பெயர். அந்தப் பெயர் கொண்டவர்களில் 87 சதவீதம் பேர் ஒரே ஆண்வழியில் வந்தவர்கள் என்று தெரிந்தது.

இதே குழு 2007இல் வெளியிட்ட இன்னொரு செய்தி எனக்கு இதைவிடப் பிடிக்கும். யார்க்‌ஷயரின் கிழக்கே ஓர் அரிய குடும்பப் பெயர். அதைக் கொண்ட 18 ஆண்களைச் சோதித்ததில் 7 பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவுக்கே உரிய ஓர் அபூர்வமான ஒய் குரோமோசோம் வகை இருந்தது. வம்சாவளியைத் தேடிப் போனபோது அவர்கள் இரண்டு குடும்பக் கிளைகளில் அடங்கினார்கள். இரண்டுமே 1780களின் யார்க்‌ஷயரில் போய் நின்றன. அதற்கும் முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவருடைய வாரிசுகள் ஆங்கிலேயர்களாகவே வாழ்ந்திருக்கிறார்கள். பெயர் அரிதாக இருந்ததால்தான் இந்தத் தடம் கிடைத்தது. ஸ்மித்களுக்குள் அது காணாமலே போயிருக்கும்.

உங்கள் நண்பரின் மகளை நான் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போதெல்லாம் வகுப்பே சிரித்திருக்கும், அதை அனுபவித்தவள் அவள். இங்கிலாந்தில் ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை யாரும் தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம், டீட் போல் என்ற பத்திரம் ஒன்று போதும். பாட்டத்தைப் போத்தம் என்று எழுதிக்கொண்டு தப்பித்த குடும்பங்களும் நிறைய. ஆனால் இந்தச் சிரிப்பு ஒரு பெயரைக் கொல்லும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிளேக்கில் தப்பி, மகன்கள் பிறந்து, எழுநூறு ஆண்டுகள் தாண்டிய ஒரு பெயர், அர்த்தம் தெரியாத கேலியால் ஒரு வீட்டில் நின்றுபோவது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

அந்த ஃபிரேம் விஷயம். இங்கிலாந்தில் குடும்பப் பெயருக்கென்று கேடயச் சின்னம் கிடையவே கிடையாது. சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுவது. அவருடைய நேர் வாரிசுகளுக்கு மட்டும் உரியது. 1484இல் தொடங்கிய லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்தான் இன்றைக்கும் அதை வழங்குகிறது. கடைக்காரர்கள் எங்கேயோ கிடைத்த சின்னத்தை அதே பெயருள்ள எல்லோருக்கும் விற்கிறார்கள். உங்கள் நண்பருக்குப் பொருத்தமில்லாத ஒரு சிங்கத்தைச் சுவரில் மாட்டி என்ன பயன்?

அதற்குப் பதிலாக ஒரு வரைபடம் கொடுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகம், பிரிட்டனின் அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களைத் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, இங்கிலாந்தும் அதில் உண்டு. மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் லங்காஷயரை 1840களில் அளந்து வரைந்தது இருக்கிறது. ஓடை, வேலி, பண்ணை வீடு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். வால்மர்ஸ்லி பகுதியைப் பெரிதாக அச்செடுத்து ஃபிரேம் போடுங்கள்.

அதோடு ஒரு பதிவேட்டு நகலும் சேர்த்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும். தாத்தாவின் பெயரும் பிறந்த ஊரும் அவர் வீட்டில் கேட்டால் தெரியும். 1837 ஜூலைக்குப் பிந்திய பிறப்பு என்றால் அரசுப் பதிவு இருக்கும். அதற்கு முந்தியதற்கு லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க் தளத்தில் தேடுங்கள். தன்னார்வலர்கள் பதிவேடுகளைப் படித்துத் தட்டச்சு செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். தேடும்போது ஷஃபிள்பாட்டம் என்று மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள், ஷிப்பர் என்றும் ஷிப்போ என்றும் போத்தம் என்றும் போட்டுப் பாருங்கள். மூலப் பதிவேட்டின் படம் கிடைத்துக் கையெழுத்து புரியாவிட்டால் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். ஒரு மாதம் இருக்கிறதே, நேரம் போதும்.

அன்புடன்.