29 வயதில் போன பட்டுக்கோட்டையாருக்கு ஏன் இவ்வளவு பெரிய பெயர்?

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் சினிமாவுக்கு எழுதியது நாலைந்து வருடம்தான், அவரை ஏன் கண்ணதாசனுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார்கள், எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சின்ன வயதில் எனக்கு அவரைப் பிடிக்காது. எங்கள் வீட்டில் அலாரமே 'தூங்காதே தம்பி தூங்காதே'தான். அப்பா போர்வையை உருவிக்கொண்டே பாடுவார். முதல் வரியைத் தாண்டி அவரும் பாடியதில்லை, நானும் கேட்டதில்லை. சோம்பேறிப் பையன்களைத் திட்டுவதற்கென்று யாரோ ஒரு வாத்தியார் எழுதிய பாட்டு என்றே பல வருடம் நினைத்திருந்தேன்.

அப்புறம் கல்லூரி நாட்களில் ஒரு பழைய தொகுப்பில் அந்தப் பாட்டை எழுத்தில் படித்தேன். 'குறட்டை விட்டோரெல்லாம் கோட்டை விட்டார்' என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கோட்டை விடுவது என்பது நாம் தினமும் சொல்கிற சொல். ஆனால் பாட்டு இடம்பெற்ற 'நாடோடி மன்னன்' (1958) ஒரு ராஜா கதை. அங்கே நிஜமாகவே ஒரு கோட்டை கைமாறும். பேச்சு வழக்குச் சொல்லை அதன் பழைய அர்த்தத்திலேயே திரும்பக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார். அதோடு, படையில், பள்ளியில், கடையில் தூங்கியவன் எதை எதை இழந்தான் என்று வரிசையாகச் சொல்லி வந்து, கடைசியில் பொறுப்புள்ள மனிதர்களின் தூக்கத்தால்தான் பல பொன்னான வேலைகள் தூங்குகின்றன என்று முடிப்பார். தம்பியை எழுப்புகிற மாதிரி ஆரம்பித்து நாற்காலியில் இருப்பவர்களின் காதைத் திருகிவிட்டுப் போகிற பாட்டு. அப்பா முதல் வரியோடு நிறுத்தியதால் எனக்கு இது தெரியாமலே போயிருந்தது.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1930 ஏப்ரல் 13 இல் பட்டுக்கோட்டைப் பக்கம் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி என்பார்கள். மாடு மேய்த்தது, மீனும் நண்டும் பிடித்தது, உப்பளத்தில் வேலை பார்த்தது, மாம்பழம், முறுக்கு, கீற்று விற்றது என்று அவர் செய்த வேலைகளை எண்ணினால் கவிஞர் வேலையையும் சேர்த்து பதினேழு வரும். விவசாய இயக்கம், கம்யூனிஸ்ட் கட்சி, நாடகக் குழு, பாரதிதாசனிடம் கொஞ்ச காலம். 1956 இல் வெளியான 'படித்த பெண்' படத்துக்குப் பாட்டு எழுதி சினிமாவுக்குள் நுழைந்தார். 1959 அக்டோபர் 8 இல் இறந்தார். அப்போது அவருடைய மகன் கைக்குழந்தை.

இளவயதில் ஒரு குளக்கரையில் உட்கார்ந்து அவர் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு ஒன்று உண்டு. 'ஓடிப்போ ஓடிப்போ கெண்டைக்குஞ்சே' என்று ஆரம்பிக்கும். தூண்டில்காரன் வரும் நேரமாகிவிட்டது, கரையோரம் மேயாதே, ரொம்பத் துள்ளாதே என்று மீன் குஞ்சுக்கு எச்சரிக்கை. உங்கள் கேள்விக்கு என்னுடைய பதில் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் எழுதிய பெரிய பாட்டுகளை எடுத்துப் பாருங்கள். தம்பி, பாப்பா, சின்னப்பயல். கெண்டைக்குஞ்சுதான் ஆள் மாறி வந்துகொண்டே இருக்கிறது. தன்னைவிடச் சின்னதான, ஏமாறக்கூடிய ஒரு உயிரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, 'தூண்டில்காரன் வர்றான், பார்த்து' என்று சொல்வதுதான் அவர் வேலை. அறிவுரைப் பாட்டு நம் சினிமாவில் மூட்டை மூட்டையாக இருக்கிறது. பெரும்பாலும் மேடையில் ஏறி நின்று சொல்கிற அறிவுரை. இவர் மேடை ஏறுவதில்லை. தானும் தூண்டிலில் மாட்டியவன் என்ற தொனியில் பேசுவார்.

'திருடாதே பாப்பா திருடாதே' பாட்டையே பாருங்கள். குழந்தைக்குச் சொல்கிற ஒழுக்கப் பாடம் போலத்தான் போகும். நடுவில் ஓரிடத்தில், இருப்பதெல்லாம் பொதுவாகிவிட்டால் பதுக்குகிற வேலையே இருக்காது என்று போகிற போக்கில் சொல்லிவிடுவார். பொதுவுடைமையை இதைவிட எளிதாக யாரும் தமிழில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை, அதுவும் எம்.ஜி.ஆர். படத்தில். 'சின்னப்பயலே' பாட்டில் 'தானா எல்லாம் மாறும் என்பது பழைய பொய்யடா' என்று இன்னும் நேராகவே வரும். இந்தப் பாட்டுகள் வந்த 'திருடாதே', 'அரசிளங்குமரி' இரண்டு படங்களும் 1961 இல்தான் வெளியாயின. அவர் போய் ஒரு வருடத்துக்கும் மேலாகியிருந்தது.

எம்.எஸ்.விஸ்வநாதன் பிற்காலத்தில் மேடைகளில் ஒரு கதை சொல்வார். 'பாசவலை' (1956) படத்துக்குப் புதுக் கவிஞர் ஒருவரைக் கொண்டுவந்தபோது, புது ஆளெல்லாம் வேண்டாம் என்று தட்டிக்கழித்திருக்கிறார். அப்புறம் வேண்டாவெறுப்பாகத் தாளை வாங்கிப் பார்த்தால், குட்டி ஆடு தப்பி வந்தால் குள்ளநரிக்குச் சொந்தம் என்று ஓடி, 'சட்டப்படி பார்க்கப் போனால் எட்டடிதான் சொந்தம்' என்று நிற்கிறது. வெட்கப்பட்டுப்போய்க் கூப்பிட்டுப் பேசியதாகச் சொன்னார். 'சட்டப்படி' என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டா, பத்திரம், வரப்புத் தகராறு இதெல்லாம் பார்த்து வளர்ந்த ஆளுக்குத்தான் சுடுகாட்டு நிலத்தைச் சட்டப்படி அளக்கத் தோன்றும்.

காதல் பாட்டு எழுதவில்லையா என்றால், நிறைய எழுதினார். ஸ்ரீதரின் 'கல்யாண பரிசு' (1959) பாட்டு முழுக்க இவருடையதுதான். 'வாடிக்கை மறந்ததும் ஏனோ' இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த வகையில் அவர் நல்ல கவிஞர்களில் ஒருவர், அவ்வளவுதான். கூலி, கடன், காலிப்பை என்று வரும்போதுதான் அவரைப் போல இன்னொருவர் இல்லை. 'இரும்புத்திரை' (1960) படத்தில் 'கையிலே வாங்கினேன் பையிலே போடலே' கேளுங்கள். சம்பளத் தேதியன்று பாடலாம்.

கண்ணதாசனோடு ஒப்பிடுவது நியாயமா? பாதி நியாயம். 1959 அக்டோபரில் கண்ணதாசனுக்கு வயது 32. 'பாவமன்னிப்பு', 'பாலும் பழமும்' எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. நாம் தலையில் வைத்துக் கொண்டாடுகிற கண்ணதாசன் பெரும்பாலும் முப்பதைத் தாண்டிய கண்ணதாசன். அந்த வயது இவருக்கு வாய்க்கவே இல்லை.

அரசியல் பக்கம், எம்.ஜி.ஆர். முதல்வரானபின் சொன்னதாக ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். தன் நாற்காலியின் மூன்று கால்கள் எவையென்று தெரியாது, நான்காவது கால் பட்டுக்கோட்டையாரின் பாடல்கள் என்று. மிகை போலத் தோன்றலாம். ஆனால் அதே 'நாடோடி மன்னன்' படத்தின் 'காடு வெளஞ்சென்ன மச்சான்' பாட்டில் பானுமதி விவசாயிக்குக் கையும் காலும்தானே மிச்சம் என்று கேட்க, எம்.ஜி.ஆர். 'நானே போடப்போறேன் சட்டம்' என்று பதில் சொல்வார். அது 1958. அவர் முதல்வரானது 1977. பத்தொன்பது வருடம் அந்த வரி ஊர் ஊராக அவருக்கு ஓட்டுக் கேட்டிருக்கிறது.

சரி, எங்கே ஆரம்பிப்பது? படைப்புகள் 1993 லேயே நாட்டுடைமையாகிவிட்டதால் தொகுப்பு கிடைப்பதில் சிரமமில்லை. முதலில் 'குட்டி ஆடு', அடுத்து 'காடு வெளஞ்சென்ன', அப்புறம் 'சின்னப்பயலே'. ஒவ்வொன்றையும் ஒருமுறை கேட்டுவிட்டு எழுத்தில் படியுங்கள். 'தூங்காதே தம்பி'யைக் கடைசிக்கு வையுங்கள். என்னைப் போல நீங்களும் அது ஏற்கனவே தெரிந்த பாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.