மலை ஊருக்கு ஃபைபர் இணைப்பு வர ஏன் இத்தனை வருடம் ஆகிறது? காத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் கேரளத்தில் தேவிகுளம் தாலுகாவில் ஒரு சின்ன ஊர்க்காரர். வீட்டு முன்னால் ஃபைபர் கேபிள் போகிறது, இணைப்பு கேட்டால் "அடுத்த மாசம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், இதை நம்பி கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று தரும் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலையை ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு மறையூர். வெல்ல வியாபாரிகள் சிலருக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிறேன். மாதம் 20ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி தளமே திணறும். அதோடு நம் மலை நெட்டும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

கேபிள் போகிறதே என்று வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது ஏற்கெனவே இணைப்பு ஓடுகிறதா, அறுந்தால் அன்றைக்கே கரண்ட் போஸ்ட்டில் ஏற உள்ளூரில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். கேபிள் நம் பக்கத்துக்கு எப்போதோ வந்துவிட்டது. அதை வீடு வரை கொண்டுவரும் ஆள்தான் இன்னும் வந்து சேரவில்லை.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராமப் பஞ்சாயத்துகளை எல்லாம் ஃபைபரால் இணைக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2011இல் ஒப்புதல் கிடைத்தது. பாரத்நெட் என்று இப்போது சொல்கிறோமே, அதுதான். அந்தத் திட்டத்தில் நாட்டிலேயே முதலாவதாக இணைக்கப்பட்ட மாவட்டம் எது தெரியுமா? இடுக்கி. 2015 ஜனவரியில் விழா எடுத்து அறிவித்தார்கள். பேப்பரில் படித்துவிட்டு உடுமலையிலிருந்து சித்தப்பா போன் செய்து, "உங்க ஊருக்கு எங்களுக்கு முன்னாடியே வந்துருச்சாமே" என்றார். வந்தது உண்மைதான், பஞ்சாயத்து அலுவலகம் வரைக்கும். அந்தத் திட்டத்தின் குறியே அதுதான். அங்கிருந்து வீடுகளுக்கு யார் கொண்டுபோவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

பிராட்பேண்ட் வந்த ஊர் என்று யாராவது கணக்கு காட்டினாலும் உடனே மயங்கிவிட வேண்டாம். 2013 வரைக்கும் 256 கேபிபிஎஸ் இருந்தாலே நம் நாட்டில் அது பிராட்பேண்ட். பிறகு 512 ஆக்கினார்கள். 2 எம்பிபிஎஸ் என்று உயர்த்தியது 2023இல்தான்.

சரி, வாசலில் போகும் கேபிளிலிருந்து ஏன் தர மாட்டேன் என்கிறார்கள்? எங்கள் தெரு கேபிள் டிவிக்காரத் தம்பியிடம் நானும் இதையே கேட்டு நச்சரித்திருக்கிறேன். "அக்கா, உங்க வாசல்ல போறது ஃபைபர்தான். ஆனா அது டவருக்குப் போறது. அதுல கை வெச்சா என் லைசென்ஸ் போயிரும்" என்றான். கரண்ட் கம்பி மாதிரி நடுவில் கொக்கி போட்டு எடுக்கிற சமாச்சாரம் கிடையாது இது. ஒரு கேபிளுக்குள் 12, 24, 48 என்று இழைகள் இருக்கும். ஒவ்வொன்றும் எங்கே போய் முடிய வேண்டும் என்று முன்பே தீர்மானித்திருப்பார்கள். சும்மா கிடக்கிற இழை வேண்டும், அதை ஜாயின்ட் பாக்ஸ் இருக்கும் இடத்தில்தான் பிரிக்க முடியும், பிரிக்கக் கேபிளுக்குச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும்.

அப்படிக் கிடைத்தாலும் ஊருக்குள் ஓஎல்டி என்ற மெஷின் ஒன்றை வைக்க வேண்டும். அதன் ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் வரும் ஒளியை ஸ்பிளிட்டர் வைத்து 32 வீடு, 64 வீடு என்று பிரிப்பார்கள். இரண்டாகப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒளி பாதியாகக் குறையும். ஆகவே எத்தனை வீடு, எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுத்தான் இழுக்க முடியும். பொதுவாக 20 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பார்கள். அது ஏட்டுக் கணக்கு. சமவெளியில் ஒரே தெருவில் 64 வீடு கிடைத்துவிடும். நம் ஊரில் கரும்புக் காட்டுக்கு நடுவே நாலு வீடு, மேட்டில் ஆறு வீடு, எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு வரிசை. போட்ட முதல் எப்போது திரும்பும் என்று கேபிள்காரத் தம்பி யோசிப்பதில் தப்பே இல்லை.

இதற்கு மேல் காடும் எல்லையும். மறையூரிலிருந்து மூணாறும் உடுமலைப்பேட்டையும் ஏறக்குறைய ஒரே தூரம், நாற்பது கிலோமீட்டர் சுமார். மூணாறு பக்கம் மழையும் மண்சரிவும். உடுமலைப் பாதையில் அந்த அளவுக்கு மழை கிடையாது, பேசாமல் அங்கிருந்து இழுத்துவிடலாமே என்று எல்லாருக்கும் தோன்றும். ஆனால் அந்தச் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள்ளும் சின்னாறு சரணாலயத்துக்குள்ளும் போகிறது. சாதாரண வனப்பகுதியில், இருக்கிற சாலையோரமாக மரம் வெட்டாமல் சிறிய பள்ளம் தோண்டி ஃபைபர் புதைக்கப் பொது அனுமதி உண்டு. சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் அந்தச் சலுகை இல்லை. போதாததற்கு லைசென்ஸும் எல்லையில் குறுக்கே நிற்கும். தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கிய சிறு நிறுவனம் செக்போஸ்ட்டைத் தாண்டி இங்கே ஒரு வீட்டுக்குக்கூட இணைப்பு தர முடியாது. அரிசி, துணி, கல்யாணச் சம்பந்தம் எல்லாம் உடுமலையிலிருந்து வரும், நெட் மட்டும் வராது.

எங்கள் தெரு ஆபரேட்டருக்கு லைன் மூணாறு வழியாகத்தான் வருகிறது. இரண்டாவது வழி கிடையாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியவாரைப் பாலம் இடிந்தபோது நாங்கள் மூணாறிலிருந்தே துண்டாகிப்போனோம். அதைவிடக் கொடுமை 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி. ராஜமலை பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. கரண்ட் இல்லை, போன் இல்லை. சேதி வெளியே வரவே விடிந்துவிட்டது. 70 உயிர். பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள், கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக்கு வந்தவர்கள். நெட் என்றால் படம் பார்க்கவும் ரீல்ஸ் பார்க்கவும்தானே என்று பேசுகிறவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. இந்தத் தேதியை மட்டும் சொல்வேன்.

கேபிள் போவதற்கு வழி கொஞ்சமாவது திறந்தது மின்கம்பங்களால்தான். ஆந்திரத்தில் இதை முன்பே செய்துவிட்டார்கள். பள்ளம் தோண்டாமல் கரண்ட் போஸ்ட் மேலேயே ஃபைபரைக் கட்டி, 2017 டிசம்பரில் தொடங்கி, மாதம் 149 ரூபாய்க்கு நெட்டும் டிவியும் போனும் சேர்த்துக் கொடுத்தார்கள். கேரளத்தில் கே-ஃபோன் என்ற மாநில அரசின் நெட் திட்டம் 2023 ஜூன் 5ஆம் தேதி தொடங்கியது. இதுவும் மின்வாரியக் கம்பங்கள் வழியாகத்தான். 30,000 அரசு அலுவலகங்கள், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது திட்டம். முதல் கட்டத்தில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 100 குடும்பம் என்று 14,000 பேருக்குத் தருவதாக அறிவித்தார்கள். மலையில் ஒரு தொகுதி எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் காசு கட்டி எடுக்கிற பிளான்கள் உண்டு. ஆனால் அதற்கும் கடைசி அரைக் கிலோமீட்டரை உள்ளூர் கேபிள்காரர்தான் இழுக்க வேண்டும். அரசாங்கம் ஆனாலும் தனியார் ஆனாலும் கடைசியில் அந்தத் தம்பியிடம்தான் வந்து நிற்கிறோம்.

எங்கள் தெருவுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், ஆள் சேர்த்ததால்தான். நானும் பக்கத்து வீட்டு டீச்சரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர், போன் நம்பர், எந்தப் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் வீடு என்று எழுதி கேபிள்காரத் தம்பியிடம் கொடுத்தோம். போஸ்ட் எண்ணோடு கொடுத்ததுதான் அவனுக்குப் பிடித்தது. போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு இழுக்கும் டிராப் கேபிள் எவ்வளவு வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டுவிட்டான். அப்போதும் உடனே வரவில்லை, கம்பத்துக்கு வாடகை, அது இது என்று இழுத்தது. ஆனால் "அடுத்த மாசம்" என்பது போய், "உங்க தெரு ரெண்டாவது, கோவில்கடவு முடிச்சிட்டு வர்றேன்" என்று பேச்சு மாறியது. முன்பணம் கேட்டு ஃபாரம் நிரப்ப வந்த வேறு ஒருவரும் உண்டு. ஓஎல்டி எங்கே வைப்பீர்கள் என்று டீச்சர் கேட்டதும், போன் வருகிறது என்று வெளியே போனார். அப்புறம் ஆளையே காணோம்.

ஸ்ப்ளைசிங், அதாவது இழைகளை ஒட்டும் வேலை, செய்ததை ஜீப்பின் பின் கதவு ஓரமாக நின்று பார்த்தேன். பார்க்க வேண்டிய வேலை. கேபிளின் கறுப்புத் தோலை உரித்தால் உள்ளே நீலம், ஆரஞ்சு, பச்சை என்று வண்ண வண்ண இழை. நமக்கு வேண்டிய நிறத்தை எடுத்து, மேல் பூச்சைச் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, சின்ன வெட்டுக் கருவியில் வைத்து நேராக நறுக்குகிறார்கள். கண்ணாடி இழையின் மொத்தக் கனமே 125 மைக்ரான், அதில் ஒளி போகிற நடுப்பகுதி வெறும் 9. இரண்டு முனையையும் மெஷினில் வைத்தால் திரையில் பெரிதாகத் தெரியும், தானாகவே நேர்கோட்டுக்கு வரும், ஒரு பொறி, ஒட்டிவிட்டது. ஒட்டிய இடத்தின் மேல் போட வேண்டிய குட்டி உறையை முதலிலேயே இழையில் கோத்துக்கொள்ள வேண்டும். கூட வந்த பையன் பேச்சு மும்முரத்தில் அதைக் கோக்காமல் ஒட்டிவிட்டான். ஒட்டும் வேலைக்கு வந்த அண்ணன்காரர் ஒன்றும் திட்டவில்லை. நறுக்கென்று வெட்டிப் போட்டுவிட்டு, "முதல்ல இருந்து" என்றார். கடைசியில் ஒளி எவ்வளவு வருகிறது என்று வீட்டுக்குள் மீட்டரைக் குத்திப் பார்த்தபோது மைனஸ் 21. மைனஸ் 27க்கும் கீழே போனால்தான் தொல்லையாம்.

வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். குரங்கு டிராப் கேபிளைக் கடிக்கும், யானை மரத்தைத் தள்ளினால் போஸ்ட்டோடு போகும். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். அணைத்து அணைத்துப் போட்டுப் பயனில்லை, ஆபரேட்டரைத்தான் கூப்பிட வேண்டும். ஃபைபரில் கரண்ட் வராது, ஆகவே வீட்டில் கரண்ட் போனால் மோடமும் போகும். மோடத்துக்கென்றே வரும் சின்ன யுபிஎஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேட்டர் ஓஎல்டிக்கு பேட்டரி வைத்திருக்கிறாரா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். இரண்டு பக்கமும் கரண்ட் இருந்தால்தான் நெட்.

அதுவரைக்கும் 4ஜி சிம் போடும் ரவுட்டர் ஒன்று வாங்கி, டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலிலோ மொட்டை மாடியிலோ வையுங்கள். வெளியே ஆன்டெனா மாட்டும் வசதி இருக்கும் மாடலாகப் பாருங்கள். கணக்கு வேலைக்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது. வீடியோ மீட்டிங்குக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நம்ப முடியாது, ஊரே ஒரே டவரில் இருக்கும். ஃபைபர் வந்த பிறகும் அந்த சிம்மை நான் விடவில்லை.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியிடம் ஃபைபர் வந்துவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். என்ன வேலை, எவ்வளவு வேகம் வேண்டும், ஒரு நாள் முழுக்க நெட் இல்லாவிட்டால் சம்பளம் பிடிப்பார்களா என்று கேளுங்கள். மெயில், எக்செல், போன் பேச்சு என்றால் 4ஜியை நம்பியே ஒப்புக்கொள்ளலாம். நாள் முழுக்க வீடியோவில் இருக்க வேண்டிய வேலை என்றால், தெருவில் ஒரு வீட்டிலாவது இணைப்பு ஓடுவதைப் பார்க்கும் வரை தள்ளிப் போடுங்கள். அதுவரை தேதி கேட்டால், ஆனி ஆடி மழை முடியட்டும் என்று சொல்லுங்கள். மழையில் போஸ்ட்டில் ஏற யாரும் வர மாட்டார்கள்.