நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள்கூடத் திருட்டு மென்பொருள் பயன்படுத்துவது ஏன்?

வசதியில்லாததால் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் பெரிய ஐ.டி. நிறுவனத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் போலிருக்கிறது. அங்கே தணிக்கைக்குப் பயந்தாவது உரிமம் வாங்கிவிடுவார்கள். நான் பார்த்தது சென்னையின் நூல் வடிவமைப்பு அறைகளை.

முன்பு நான் வேலை பார்த்த பதிப்பகத்தில் நூல் பக்கங்களை வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளை (அமெரிக்காவின் அடோபி நிறுவனத்துடையது) நிறுவிய விதம் இது: இணையக் கம்பியைப் பிடுங்கு, ஆன்டிவைரஸை அணை, உரிமச் சோதனையை உடைக்கும் கிராக் கோப்பை எடுத்து ஒட்டு. அன்றோடு அந்தக் கணினிக்கு இணையம் கிடையாது. கோப்பெல்லாம் பென் டிரைவில் வரும்; வைரஸும் அதிலேயே வரும்.

முதலாளி கெட்டவர் அல்ல. காகிதக் கடையில் ஒரு ரூபாய் பாக்கி வைக்கமாட்டார். அவருடைய நூல் ஒன்று டெலிகிராமில் பிடிஎஃபாகச் சுற்றியபோதுதான் குதித்தார். "எழுத்தாளன் வயிற்றில் அடிக்கிறான்கள்" என்று திட்டிவிட்டு, இனி எல்லா நூலிலும் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவைச் சொல்லி எச்சரிக்கை போடச் சொன்னார். போட்டேன், அதே கிராக் இன்டிசைனில். அதே சட்டத்தின் 63பி, தெரிந்தே திருட்டு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "தம்பி, அவன் அமெரிக்காக்காரன். அவனுக்கு இதெல்லாம் ஒரு காசா?" என்றார்.

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அதுதான். எழுத்தாளர் நேரில் வந்து ராயல்டி கேட்பார். மென்பொருள் எழுதியவன் வந்து நிற்கமாட்டான்.

சந்தா கட்ட முடியாதவன் என்ன செய்வான் என்று சண்டைக்கு வருவீர்கள். நியாயம்தான். 2013இல் அடோபி இனிமேல் சந்தா மட்டுமே என்று அறிவித்த பிறகு, ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டு காலம் தள்ளும் வழி அடைபட்டது. இதே வேலையைச் செய்யும் ஸ்கிரைபஸ் மென்பொருள் இலவசம்தான், ஆனால் வேலை கொடுப்பவர் இன்டிசைன் கோப்புதான் வேண்டும் என்பார். படிக்கிற பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கோப்பை விற்றுச் சம்பாதிக்கிறவர்களைச் சொல்கிறேன்.

நான் இப்போது தனியாகத் தொழில் செய்கிறேன், சந்தா கட்டித்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் பெருமைதான். சந்தா மாதம் தவறாமல் அட்டையிலிருந்து போய்விடுகிறது. எனக்கு வரவேண்டியது அப்படி வருகிறதா? ஜனவரி புத்தகக் கண்காட்சிக்காக மார்கழி முழுக்கத் தூங்கவிடமாட்டார்கள். பணம் கேட்டால், "கண்காட்சிக் கணக்கு முடியட்டும்." சித்திரை பிறந்தாலும் அது முடியாது. முடிந்தாலும், பக்கக் கணக்கில் பேசிய கூலியில், "நடுவில் வரும் வெற்றுப் பக்கங்களைக் கழித்துவிடுங்கள்" என்பார்கள்.