கணினிப் பணியை வெளியில் கொடுக்கும்போது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மேலாளராக இருக்கிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடை, ஈரத்துக்கான கழிவு, முன்பணம், மாதப் பட்டுவாடா ஆகிய அனைத்தும் ஒரே மென்பொருளில் நடக்கின்றன. கோவையிலுள்ள ஒரு சிறு நிறுவனம் 2020-இல் அதை எழுதிக் கொடுத்தது. இப்போது பராமரிப்புத் தொகையை இரு மடங்காகக் கேட்கிறார்கள். வேறு இடத்துக்கு மாறுகிறோம் என்றதும், சோர்ஸ் கோடு (மென்பொருளின் மூல நிரல்) தர முடியாது என்கிறார்கள். ‘மென்பொருள் தொழிற்சாலைக்கே சொந்தம்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. அது போதாதா?

பதில்: அந்த ஒரு வரி இருப்பது நல்லதுதான். ஆனால் நீங்கள் நம்பியிருக்கும் அளவுக்கு அது உங்களைக் காக்காது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட் சட்டம்) கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. உங்கள் சம்பளப் பட்டியலில் உள்ள ஊழியர் தம் வேலையின் பகுதியாக எழுதிய நிரலுக்கு நீங்களே முதல் உரிமையாளர். வெளி நிறுவனம் கட்டணம் பெற்றுக்கொண்டு எழுதிய நிரலுக்கு அந்த நிறுவனமே முதல் உரிமையாளர். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டதாலேயே உரிமை கைமாறிவிடாது. அதை எழுத்து மூலம், கையெழுத்திட்டு, ஒப்படைத்திருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்த வரியை அத்தகைய ஒப்படைப்பாகக் கொள்ளலாம். எனினும், எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாத ஒப்படைப்பு ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு கொள்கிறது. 2020-இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு அந்த ஐந்து ஆண்டுகள் முடிந்துவிட்டன. ஆகவே, கோவை நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன், ஒப்பந்தம் முழுவதையும் இத்துறை அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.

ஆனால், என் கருத்தில், சோர்ஸ் கோடு பற்றிய சச்சரவு இரண்டாவதுதான். நிரலைச் சில மாதங்களில் வேறொருவர் புதிதாக எழுதிவிடலாம். ஒவ்வொரு விவசாயியும் இத்தனை ஆண்டுகளாகப் போட்ட இலையின் எடையையும், அவர் கணக்கில் நிற்கும் முன்பண பாக்கியையும் மறுபடி உருவாக்க யாராலும் முடியாது. அந்தத் தரவு எந்தச் சர்வரில் இருக்கிறது, அந்தச் சர்வருக்கான கணக்கு யார் பெயரில் இருக்கிறது, டொமைன் (இணைய முகவரி) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எடை போட்டவுடன் விவசாயியின் கைபேசிக்குப் போகும் குறுஞ்செய்திக்கான டிஎல்டி பதிவு (வணிகக் குறுஞ்செய்தி அனுப்பத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் செய்யும் பதிவு) யார் பெயரில் இருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். இவற்றில் எது அவர்கள் பெயரில் இருந்தாலும், பேச்சுவார்த்தையில் கயிறு அவர்கள் கையில்தான் இருக்கும். உறவு முறிவதற்கு முன்பே, தரவுத்தளம் முழுவதையும் வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவில், எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்ற விளக்கத்துடன், எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பேக்கப் வந்துவிட்டது என்பதோடு நின்றுவிடாமல், மழைக்காலத்தில் ஈரக் கழிவு போட்ட மாதம் ஒன்றை எடுத்து, அந்த மாதம் அதிகமாக இலை போட்ட ஒரு விவசாயியின் கணக்கைப் புதிய கணினியில் ஏற்றி, அவரிடம் கொடுத்த ரசீதோடு பைசா வரை ஒத்துப் பாருங்கள். ஒத்துவராத இடத்தில்தான், எங்கும் எழுதி வைக்கப்படாத ஏதோ ஒரு கணக்கு விதி மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கிறது.

மாறுவதானால் எப்போது மாறுவது என்பதும் முக்கியம். நீலகிரியில் பச்சைத் தேயிலைக்கான குறைந்தபட்ச விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. உங்கள் பட்டுவாடா அதையொட்டியே நடக்கிறது. ஆகவே மாதத்தின் நடுவில் மாறாதீர்கள். உறைபனியால் இலை வரத்து குறையும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், பழையதையும் புதியதையும் இரண்டு பட்டுவாடாக்களாவது சேர்த்து ஓட்டுங்கள். ஒரேயடியாக மாறுவதன் ஆபத்துக்கு ஓர் உதாரணம்: பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றியது. அதன் தாய்க் குழுமத்தைச் சேர்ந்த தொழில்நுட்ப நிறுவனமே அந்த வேலையைச் செய்தது. தரவு சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. புதிய அமைப்பு தொழில்நுட்பக் கோளாறுகளால் தடுமாறியதால், சுமார் 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தனர். ஒழுங்குமுறை அமைப்புகள் 2022 டிசம்பரில் அவ்வங்கிக்கு 4 கோடியே 86.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தன. மறு ஆண்டு, அதன் தகவல் தொழில்நுட்பத் தலைவருக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. ‘நாங்கள் தயார்’ என்று வேலை எடுத்தவர் சொன்னதை அவர் போதிய அளவு சோதித்துப் பார்க்கவில்லை என்பதே குற்றச்சாட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டணத்தை இத்தனை ஆண்டுகளாக உயர்த்தாமல் இருந்துவிட்டு இப்போது இரு மடங்கு கேட்கிறார்கள் என்றால், அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கலாம். உங்கள் கொள்முதல் நிலையங்களை அறிந்த, இரவில் அழைத்தால் எடுக்கிற ஆட்கள் எளிதில் கிடைப்பதில்லை. அவர்களோடு உட்கார்ந்து, ஆண்டுக்கு எவ்வளவு உயரும் என்பதையும், உரிமை நிரந்தரமாக ஒப்படைக்கப்படுகிறது என்பதையும், பிரியும் நாளில் யார் எதை எத்தனை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் புதிய ஒப்பந்தத்தில் எழுத முடிந்தால், மாறாமல் இருப்பதே மேல் என்று கருதுகிறேன். உரிமை ஒப்படைப்புக்கு அவர்கள் இசையாவிட்டால், சோர்ஸ் கோட்டின் பிரதியை நடுநிலையான மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து, நிறுவனம் மூடப்பட்டாலோ பராமரிப்பு நின்றாலோ உங்களுக்குக் கிடைக்கும்படி செய்யலாம்.

கேள்வி: கொடைக்கானலில் உள்ள எங்கள் பள்ளியின் மாணவர் விவரங்களையும் கட்டண விவரங்களையும் ஒரு வெளி நிறுவனத்தின் செயலி பராமரிக்கிறது. அங்கே தரவு கசிந்தால் பொறுப்பு அவர்களுடையதுதானே?

பதில்: இல்லை, பள்ளியினுடையது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, உங்களுக்கும் அவர்களுக்கும் இடையே எந்த உடன்பாடு இருந்தாலும், தரவைத் திரட்டியவரே பொறுப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முதன்மையான கடமைகள் 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன என்பதால், ஒப்பந்தத்தைத் திருத்த உங்களுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம் அதுதான். கசிவு தெரிந்த உடனேயே உங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பதை அதில் மணிக்கணக்கில் எழுதுங்கள். சைபர் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே ஆணையிட்டிருக்கிறது. நிறுவனம் தன் வேலையை வேறொருவருக்குக் கைமாற்றியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கேள்வி: குன்னூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மென்பொருள் சோதனை வேலை செய்கிறோம். பெங்களூரு நிறுவனம் ஒன்று தன் வெளிநாட்டு வாடிக்கையாளரின் வேலையை எங்களுக்குப் பிரித்துத் தருகிறது. அங்கிருந்து பணம் வந்த பிறகே எங்களுக்குத் தருவதாக ஒப்பந்தத்தில் இருக்கிறது. மழையில் இணைப்பு அறுந்து வேலை தாமதமானால் அபராதமும் உண்டு. கையெழுத்திடலாமா?

பதில்: இரண்டு ஷரத்துகளையும் பேசித் திருத்திவிட்டுக் கையெழுத்திடுங்கள். முதலில் உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பதிவு) செய்துகொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வேலையைப் பெற்றுக்கொண்டவர் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் அதற்கு மேல் எழுதிக்கொள்ள முடியாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டு. வெளிநாட்டிலிருந்து பணம் வரவில்லை என்பது பெங்களூரு நிறுவனத்தின் சுமையே தவிர உங்களுடையது அல்ல. வேலை தருபவரிடம் இதைச் சட்டம் பேசும் தொனியில் சொல்ல வேண்டியதில்லை. பில் தேதியை மாத ஒப்படைப்போடு இணைத்துக் கேட்டாலே பெரும்பாலும் முடிந்துவிடும்.

மழை விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவில்லை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டி, நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதை மூடப்படுவதை எதிர்பாராத நிகழ்வு என்று நீலகிரிக்காரர் யாரும் வாதிட முடியாது. ஆகவே விதிவிலக்குக் கேட்பதைவிட ஏற்பாட்டைக் காட்டுவது நல்லது. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு கேபிளும் பர்லியார் வழியாக ஒரே சாலையோரம் ஏறி வந்தால், ஒரே சரிவில் இரண்டும் அறுந்துபோகும். ஒன்றாவது கோத்தகிரிப் பாதையில் வருகிறதா என்று நிறுவனத்தாரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். உங்களில் ஒருவரேனும் மழை மாதங்களில் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ இருந்து வேலை செய்ய முடியுமானால், அந்த ஏற்பாட்டை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் சேர்த்து, அதற்கு ஈடாக அபராதத்துக்கு உச்சவரம்பு கேளுங்கள். அந்த மாதத்து பில் தொகையில் பத்து சதவீதத்துக்கு மேல் போகாத வரம்பு நியாயமானது என்பது என் கருத்து.