அம்மாவுக்குப் பாட்டு மட்டும் மறக்கவில்லை

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு வயது 76. மறதிநோய். மதியம் சாப்பிட்டதுகூட நினைவில் நிற்பதில்லை. ஆனால் ஒலி 96.8 தமிழ் வானொலியில் பழைய பாட்டு வந்தால் கடைசிச் சரணம் வரை பிசகாமல் பாடுகிறார். சென்ற வாரம் ஒரு பழைய மலாய்ப் பாட்டைக் கேட்டதும், தாத்தா வேலை பார்த்த சிங்கப்பூர் செம்பவாங் கடற்படைத் தளத்துக் குவார்ட்டர்ஸில் ரேடியோ எந்த மூலையில் இருந்தது, மழை வந்தால் எந்த ஜன்னலைச் சாத்துவார்கள் என்றெல்லாம் சொன்னார். இது எப்படி? நான் 1981இல் பிறந்தவள். அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. எனக்கும் அந்தப் பாட்டுகளைக் கேட்டால் நெஞ்சு கனக்கிறது. வாழாத காலத்துக்கு ஏங்குவது பொய்யான உணர்ச்சியா?

செ., யீஷூன்

அன்புள்ள செ.,

பொய் இல்லை. கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் கரோல் கிரம்ஹான்சல் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இருபது வயதையொட்டிய மாணவர்களுக்குப் பல பத்தாண்டுகளின் புகழ்பெற்ற பாடல்களைப் போட்டுக்காட்டி, அவற்றோடு நினைவுகள் உண்டா என்று கேட்டார். அவர்கள் பிறப்பதற்கு முன் வந்த, பெற்றோரின் இளமைக்காலப் பாடல்களோடும் அவர்களுக்குச் சொந்த நினைவுகள் இருந்தன. வீட்டில் பெரியவர்கள் கேட்டது பிள்ளையின் காதிலும் விழுந்துகொண்டுதானே இருக்கிறது? நீங்களும் அம்மா பாடக் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். அந்தக் குரலை நீங்கள் வாழ்ந்திருக்கிறீர்கள்.

இனி அம்மா. பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவையே முதுமையில் அதிகம் நினைவுக்கு வருகின்றன என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. முதல் சிநேகம், முதல் சம்பளம், திருமணம், நான் யார் என்ற உறுதி எல்லாம் அந்த ஆண்டுகளில்தான் வருகின்றன. உங்கள் அம்மாவுக்கு அது 1960களும் எழுபதுகளும். சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் திரைப்பட ஸ்டூடியோ 1967இல் மூடப்படும்வரை அங்கே எடுத்த மலாய்ப் படங்களின் பாட்டுகளைத் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் முணுமுணுத்த காலம். 1968இல் பிரிட்டிஷாரின் அந்தக் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தபோது அவர் பதின்ம வயதின் கடைசியில் இருந்திருப்பார்.

பீட்டர் ஜனாட்டா என்ற நரம்பியல் அறிஞர் 2009இல், மாணவர்களின் சிறுவயதில் பிரபலமாக இருந்த பாட்டுத் துணுக்குகளை ஒலிக்கவிட்டு அவர்களுடைய மூளையை ஸ்கேன் செய்தார். நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுப்பக்கமாக உள்ள ஒரு பகுதி இசையின் போக்கையும் பின்தொடர்ந்தது. சொந்த நினைவு எழும்போதும் கூடுதலாக இயங்கியது. மறதிநோய் வகைகளில் ஒன்றான அல்சைமரில் மற்ற இடங்களைவிடத் தாமதமாகச் சிதைவது அந்தப் பகுதி. மதியச் சாப்பாட்டைப் பதிந்துகொள்ள வேண்டிய ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியோ முதலிலேயே பாதிக்கப்பட்டுவிடுகிறது. அதோடு, பாட்டில் ஒரு அடி அடுத்த அடியைத் தானே இழுத்து வருகிறது. நாக்கும் மூச்சும் பழகிய வழி அது. யோசித்துத் தேட வேண்டியதில்லை.

இதற்கும் அப்பால் ஒன்று உண்டு என்று நான் நம்புகிறேன். புகைப்படம் என்ன இருந்தது என்பதைத் தானே காட்டிவிடுகிறது. பார்ப்பவர் சேர்க்க அதிகம் இருப்பதில்லை. பாட்டுக்குள் படம் இல்லை. அந்த மலாய்ப் பாட்டுக்குச் செம்பவாங்கைப் பற்றி எதுவும் தெரியாது. அந்த வெற்றிடத்தில்தான் ரேடியோ இருந்த மூலையும் மழை ஜன்னலும் போய் ஒட்டிக்கொண்டன. விரும்பியபோது கேட்க வழியில்லாத காலம் வேறு. வானொலி ஒலிபரப்பும் வேளைக்குக் காத்திருந்து கேட்டதால், பாட்டோடு அந்த நேரமும் இடமும் சேர்ந்தே பதிந்தன.

ஆகவே ஒரு வேண்டுகோள். பிடித்த பாட்டு என்று அதையே நாள் முழுக்க ஓடவிடாதீர்கள். ஓயாமல் கேட்டால் பழைய நினைவின் மேல் இன்றைய வரவேற்பறை படிந்துவிடும் என்பது என் அச்சம். பல பாட்டுகளை, ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுப் போடுங்கள். அவருடைய பத்து வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் வந்தவற்றை, தமிழோடு மலாயையும் சேர்த்துத் தேடுங்கள். இசை நோயைக் குணப்படுத்தாது; மருத்துவர் சொல்வதை விடாதீர்கள்.

பாட்டு முடிந்ததும் "ஞாபகம் இருக்கிறதாம்மா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அவரைத் தேர்வு எழுத வைக்கிறது. "அந்த ரேடியோவை யார் வாங்கினார்கள்?" என்று கேளுங்கள். தேதிகளில் தவறினால் திருத்த வேண்டாம். சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குவார்ட்டர்ஸ் வாழ்க்கையைச் சொல்ல இனி அதிகம் பேர் இல்லை. நீங்கள் எழுதியதை எனக்கும் அனுப்பினால் மகிழ்வேன்.